ரெண்டு பேருக்கும் சேத்துச் சொன்ன சரி

நாந்தேன்னு எழுதிக்கோங்க தாயி. இந்த வீட்டுல முடிவெடுக்கிறது கண்ணுச்சாமி, நாந்தேன். அதுல என்ன சந்தேகம்? இப்படி நிழல்ல வந்து உக்காருங்க. காலேசுலருந்து விஸ்வநத்தம் வரைக்கும் இந்த வெயில்ல வந்து, எந்த வீட்டுல யாரு பேச்சு எடுபடுதுன்னு கேக்குறீக. நல்ல படிப்புதான் போங்க.

அடுத்து என்ன? கறி எடுக்கிறதா? கடைக்குப் போறது நானு. எந்தக் கடையில எடுக்கணும், எலும்பு எம்புட்டு இருக்கணும்னு அருணாதேவி சொல்லிவிடுவா, எங்க வீட்டுக்காரி. போறது நாந்தான, எம்பேரையே போடுங்க. புள்ள படிப்பா? மக பிரீத்திகா மதுரையில நர்சிங் படிக்கா. நான் வேண்டாம்னேன். அப்புறம் நானே கொண்டுபோய்ச் சேத்துவிட்டேன். நடுவுல ஒண்ணும் நடக்கல தாயி. கொஞ்ச நாளு வேளாவேளைக்குச் சோறு வந்துச்சு, பேச்சு வரல, அம்புட்டுதான். சிரிக்காதீக, எழுதுங்க.

பேங்கு கார்டு அவகிட்ட. நம்பர் எனக்குத் தெரியாது. குடும்பத் தலைவருக்கு அதெல்லாம் எதுக்கு?

தண்ணி குடிங்க. டீ போட்டுத் தரலாம்னுதான் பாத்தேன், சீனி டப்பா எதுன்னு பிடிபடல. அவளா? வெளிய போயிருக்கா.

ரெண்டு பேரும் ஒரே பட்டாசுக் கம்பெனியிலதான் இருந்தோம். பக்கத்து ரூம்பு வெடிச்சதுலருந்து மருந்து வாடையே ஆகாதுன்னுட்டா. இப்ப அச்சாபீசுல காலண்டர் பைண்டிங் பண்றா. சம்பளம் கம்மிதான், ஆனா நிம்மதியாத் தூங்குறா. நான் இன்னும் பட்டாசுலதான் கெடக்கேன்.

தீவாளி முடிஞ்சு கம்பெனி தெறக்கிறப்ப எல்லாரும் ஆளு தேடுவாகல்ல? நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனிப் போர்மேன் ஒருத்தரு டீக்கடையில வச்சு, புருசன் பொண்டாட்டி சோடியா வந்தா நல்ல வேலை போட்டுத் தாறேன்னாரு. ரெண்டு பேரும் வாரோம்னு அங்கனயே சொல்லிட்டேன். நாலு பேரு டீ குடிச்சிக்கிட்டு நிக்காக, வீட்டுல கேட்டுச் சொல்றேன்னு எப்படித் தாயி சொல்ல?

வந்து சொன்னேன். எங் கைக்கு வாக்குக் குடுக்க நீங்க யாருன்னு கேட்டா. சண்டையெல்லாம் போடல. தலையச் சீவி, நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு, மல்லாங்கிணத்துக்குப் பஸ்ஸு ஏறிட்டா. அங்கதான் அவுக அண்ணன் வீடு. போனவாரம் போனவதான்.

போர்மேன்கிட்டப் போயி, அவ வரமாட்டா, எனக்கு மட்டும் வேலை இருந்தா சொல்லுங்கன்னுட்டேன். அந்த டீக்கடையில வச்சேதான் சொன்னேன், எல்லாரும் சிரிச்சாக. சிரிக்கட்டும். அத அவகிட்டச் சொல்லலாம்னா, எம்போன எடுக்க மாட்டேங்கா.

ஏந் தாயி, பொம்பளைககிட்டயும் இதெல்லாம் தனியாக் கேக்கணுமாம்ல? அப்ப உங்க போன்லருந்து அவளக் கூப்புட்டுக் கேளுங்களேன், நம்பர் தாறேன். ஸ்பீக்கர்ல போடுங்க. நான் பக்கத்துல இருக்கேன்னு மட்டும் சொல்லிராதீக. அவ என்னைய என்ன வேணாலும் வையட்டும். அவ கொரலு இல்லாம இந்த வீட்டுக்குள்ள இருக்க முடியல.