கறுப்பு முக்காடு

— முதல்ல சூப்பைக் குடிங்க. கீழ அடைச்சு வெச்ச துருக்கிப் பிரபு, அந்த பெக், எங்க ஓடிடப் போறான்?

— மூணாவது தடவையா கேக்குறேன், ஒர்ஷோயா. அந்த பெக்கை மேல கூட்டிட்டு வரச் சொல்லு. வெளிச்சம் இருக்கறப்பவே ஊனா ஆத்தைத் தாண்டணும்.

— அறுவடை சமயத்துல சண்டைக்குப் போனவரு, பனி உருகுறப்ப வர்றீங்க. வந்ததும் துருக்கிக் கைதியையா விசாரிப்பாங்க? பொண்டாட்டி எப்படியிருக்கான்னு கேக்கத் தோணலை.

— கேக்காமலே தெரியுது, இளைச்சிருக்க. நான்தான் உசுரோட வந்துட்டேனே, அந்தக் கறுப்பு முக்காட்டை எடுத்துப் போடேன்.

— உங்களுக்காகப் போட்ட கறுப்பு அங்கியை, நீங்க வந்தீங்கன்னு சொன்னதுமே கழட்டிப் பெட்டியில வெச்சுட்டேன். இந்த முக்காடு என் தம்பிக்கு. உங்க கூடத்தானே பாலிந்தும் வந்தான். நீங்க வந்துட்டீங்க. அவன் வரலையே.

— ம். சரி விடு.

— அதைப் பத்திப் பேசினா விடுன்னுதான் சொல்வீங்க. எப்படித் தப்பிச்சீங்க?

— தப்பிக்கலை. எல்லையில எப்பவும் நடக்கறதுதான். திரும்பி வருவேன்னு சத்தியம் வாங்கிட்டு துருக்கிக்காரங்க என்னை அவிழ்த்து விட்டாங்க. எனக்கு ஜாமீனா நம்ம ஆளு ஒருத்தன் அங்க உட்கார்ந்திருக்கான். நம்ம கிட்ட இருக்கிற பெக்கை ஞாயித்துக்கிழமைக்குள்ள கொண்டு போய் விட்டா, ரெண்டு பேரும் வீடு வந்து சேரலாம்.

— யாரு அது?

— இந்தக் கரையில கால் வெக்கட்டும், பேரைச் சொல்றேன். செத்துட்டான்னு அழுது முடிச்ச வீட்டுல போய் ஆசை காட்ட மாட்டேன்.

— பெக் இல்லாம நீங்க மட்டும் போனா?

— ஜாமீனை விட்டுடுவாங்க. நான் போகவே இல்லைன்னா அவன் தலை போகும்.

— நான் உங்களைக் கேட்டேன்.

— பெக்கோட அம்மா இருக்காளே, தினம் என் சிறை ஜன்னல் பக்கம் வந்து என்னைப் பார்த்துட்டுப் போவா. மகன் வரலைன்னா என் தோலை உரிச்சு வைக்கோல் அடைப்பா. இதெல்லாம் எதுக்கு இப்ப? ஆளைக் கூப்பிடு.

— கோட்டை வாசல் வழியாத்தானே வந்தீங்க? நிமிர்ந்து பார்க்கலையா?

— பார்த்தேன். ஈட்டியில ஒரு தலை. காக்கா ஒண்ணும் மிச்சம் வெக்கலை. எவனோ குதிரைத் திருடன்னு நினைச்சு, காவக்காரன் கிட்ட 'உங்க சொந்தக்காரனா'ன்னு கேட்டேன். 'வாங்க கஷ்பர் பிரபு'ன்னு மட்டும் சொன்னான். சிரிக்கலை.

— அவன் எப்படிச் சிரிப்பான்? என் உத்தரவுல அவன்தானே ஏத்தி வெச்சான்.

— ஒர்ஷோயா.

— உங்க குதிரை மட்டும் தனியா வந்துச்சு. சேணம் பூரா ரத்தம். கோயில்ல மணி அடிச்சு, பூசை வெச்சு, வெறும் பெட்டியைப் புதைச்சோம். திரும்பி வந்தா கீழ அந்த பெக் பாடறான். தொழுதானோ என்னவோ, என் காதுல பாட்டாத்தான் விழுந்துச்சு. புருஷனும் தம்பியும் போன அன்னிக்கு அவன் பாடறான். வெட்டச் சொன்னேன்.

— என் மேசையில சாப்பிட்டவன். என் கூடச் சதுரங்கம் ஆடினவன். கைதிமேல கை வெக்கக் கூடாதுன்னு எங்கப்பா காலத்துலேருந்து இங்க ஒரு வழக்கம்.

— நீங்க செத்துட்டீங்கன்னு நினைச்சேங்க. செத்தவருக்குப் பதிலா எவனைக் குடுத்து மீட்கப் போறேன்னு நினைச்சேன்.

— குதிரையைத் தயார் பண்ணச் சொல்லு.

— போகாதீங்க.

— அங்க ஒருத்தன் உட்கார்ந்திருக்கான்.

— உட்கார்ந்திருக்கட்டும். கோடை வந்தா அவங்க மறுபடி வருவாங்க. வியன்னாவுல இருக்கிற ராஜா ஒரு மூட்டை வெடிமருந்து கூட அனுப்ப மாட்டாரு. நீங்க இல்லாம மதில் மேல யாரு நிப்பா? இந்தக் கோட்டைக்குள்ள எத்தனை அடுப்பு எரியுது, எத்தனை குழந்தைங்க தூங்குது. ஒருத்தனுக்காக அத்தனையும் போகணுமா?

— சத்தியம் பண்ணியிருக்கேன்.

— துருக்கிக்காரன் கிட்டப் பண்ணினதுதானே. பாதிரியார் கிட்டப் பாவமன்னிப்பு கேட்டா தீர்ந்துச்சு.

— அவன் கிட்டப் பண்ணலை. என் விலங்கை எடுத்துத் தன் கால்ல மாட்டச் சொன்னான் பாரு, அந்தப் பையன் கிட்டப் பண்ணினேன். 'நீங்க வருவீங்க, எனக்குத் தெரியும்'னான்.

— அவன் வீட்டுல யாரு அழுவாங்களோ அவங்க கால்ல நானே போய் விழறேன். நிலம் எழுதித் தரேன். ஊரைக் காப்பாத்த உங்க பிள்ளை போனான்னு சொன்னா அவங்களுக்குப் புரியும்.

— புரியுமா?

— ஏன் புரியாது? நானும் தம்பியைக் குடுத்தவதானே. தாங்கிக்கலையா?

— நல்லா யோசிச்சுச் சொல்லு. அவன் சாகட்டும்னு சொல்ற.

— ஆமா. சாகட்டும். எப்பக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். நீங்க இருங்க.

— அந்த முக்காட்டை அவிழ்த்துடு, ஒர்ஷோயா. என் விலங்கை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிறது உன் பாலிந்த்தான், ஞாயித்துக்கிழமை வந்துடுவான். நீ அந்தக் கறுப்பு அங்கியைப் பெட்டியிலேருந்து எடுத்து வெச்சுக்க.