எந்த மூன்று மாதத்தோடு ஒப்பிட்டீர்கள்?

தலைமை தாங்கி வீற்றிருக்கும் அன்பு அண்ணன் சகாயநாதன் அவர்களே! உலைச் சூட்டில் தலை நரைத்த பெரியோர்களே! இடுப்பில் பிள்ளையையும் இதயத்தில் கோபத்தையும் ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே! அரியமங்கலத்துப் பட்டறைகளின் அருமைத் தோழர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

போன திங்கட்கிழமை நம் வால்வுத் தொழிற்சாலை வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். 'இந்தக் காலாண்டில் உற்பத்தி ஐம்பது சதவீதம் வளர்ச்சி!' நாம் என்ன செய்தோம்? கை தட்டினோம்! நானும் தட்டினேன், வெட்கமில்லாமல்!

மறுநாள் தங்கையன் உள்ளே போனார். கோடையில் மின்வெட்டு என்று வெளியே அனுப்பப்பட்ட பதினெட்டுப் பேரில் ஒருவர். "ஜூலையிலேயே கரண்ட் முழுசா வந்துடுச்சே சார், வந்ததும் கூப்பிடுறேன்னு சொன்னீங்களே" என்றார். மேனேஜர் சிரித்தார். "நீங்க இல்லாமலே ஐம்பது சதவீதம் வளர்ந்துட்டோம்யா. வருஷத்துக்குக் கணக்குப் போட்டா இருநூறு! இனிமே நீங்க எதுக்கு?"

நாம் தட்டிய கை, தங்கையன் கன்னத்தில் விழுந்தது தோழர்களே!

நான் எழுத்துப் படித்ததே அறுபத்திரண்டாம் வயதில்தான். அந்த ஆனந்தத்தில் கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறேன், எழுத்துக்கு எழுத்து, விரல் வைத்து. நீங்கள் பெரிய எழுத்தைப் படித்துவிட்டுப் போய்விட்டீர்கள். நான் மறுநாளும் போய், அடியில் கிடந்த பொடி எழுத்து வரைக்கும் படித்தேன். 'ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டோடு ஒப்பிடுகையில்.'

ஏப்ரல், மே, ஜூன்! மின்வெட்டில் மெஷின் பாதி நாள் ஓடாத மூன்று மாதம்! அறுநூறு வால்வுதான் போட்டோம். இப்போது தொள்ளாயிரம். ஐம்பது சதவீதம் சரிதான். பொய்யென்றால் கிழித்துப் போட்டிருப்பேன். உண்மையை வைத்தல்லவா ஏமாற்றியிருக்கிறார்கள்! போன வருஷம் இதே ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பரில் எத்தனை போட்டோம்? ஆயிரத்து எண்ணூறு! அதில் சரிபாதிதான் இன்று! பாதியாய்ப் படுத்துக் கிடப்பதற்குப் பெயர் வளர்ச்சியா?

என்ன அங்கே? "தாத்தா, சுருக்கமாச் சொல்லுங்க" என்கிறாயா? சரி, ஸ்ரீரங்கத்துக்கு வா. கோயில் வாசலில் பூ விற்கும் குப்பாயியிடம் கேட்டேன். "ஏம்மா, வைகுண்ட ஏகாதசி வர்ற மூணு மாசம் நூறு கூடை போகுது, அடுத்த மூணு மாசம் நாப்பதுதான். வியாபாரம் படுத்துடுச்சா?"

"போங்கய்யா! ஏகாதசியப் போன ஏகாதசியோட வச்சில்ல பார்க்கணும்? இது தெரியாமலா இவ்ளோ வயசாச்சு உங்களுக்கு?"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! பூக்காரிக்குத் தெரிந்தது கோட்டுப் போட்ட மேனேஜருக்குத் தெரியாதா? தெரியும். நமக்குத் தெரியாது என்று நினைத்தார்!

மூன்று மாதத்தை நாலால் பெருக்கினாராம், இருநூறு சதவீதமாம்! ஐப்பசியும் கார்த்திகையும் மார்கழியும் பெய்யும் மழையை நாலால் பெருக்கிப் பாருங்கள், மலைக்கோட்டைப் பிள்ளையார் நீந்தித்தான் கீழே வர வேண்டும்!

காலாண்டுக் கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாய் போல அது நல்ல கருவி. ஆனால் நேற்றுப் பனிக்கட்டியில் வைத்த குழாயைக் காட்டி, இன்று சூடு ஏறிவிட்டது என்றால் விடலாமா? விழுந்த மாதத்திலிருந்து அளந்தால் எழுந்து உட்கார்ந்ததெல்லாம் ஏற்றம்தான்! அந்த ஏற்றத்தைக் காட்டிப் பதினெட்டு அடுப்பை அணைப்பதா?

ஆகவே தீர்மானம். நாளைக் காலை முதல் சங்கு ஊதும்போது நாம் வாசலில் நிற்போம். அந்த நோட்டீஸில் போன வருஷத்து ஆயிரத்து எண்ணூறையும் எழுதச் சொல்வோம், அதே பெரிய எழுத்தில்! ஆள் குறைந்ததால் உற்பத்தி பாதியானது என்று அது ஊருக்கே சொல்லட்டும். பதினெட்டுப் பேரும் முதலில் உள்ளே போகட்டும். அதன் பிறகுதான் நாம்.

சம்மதிப்பவர்கள் கையை உயர்த்துங்கள். தாய்மார்களே, நீங்களும்தான்! தங்கையா, நீ ஏன் தலை குனிந்திருக்கிறாய்? நிமிர்ந்து பாரப்பா, இத்தனை கையும் உனக்காக!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பேச இடம் தந்த தலைவருக்கும் நன்றி. காலையில் வாசலில் சந்திப்போம். வணக்கம்.