பொட்டுப் பக்கம்

திண்டிவனத்தில் ஏறிய தம்பதி என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்கள். கணவர் மடியில் பழைய ஃபிலிம் கேமரா. காலடியில் கேமரா பை. அந்த அளவுப் பைக்கு லக்கேஜ் டிக்கெட் போட விதியில் இடமில்லை. ஆனாலும் நடத்துநர் அதை இரண்டு முறை பார்த்தார்.

"நாளைக்குத் தங்கச்சிக்குத் தாலி கட்டறப்ப நீங்க கண்ண மூடிக்கினு எடுங்க. அப்பவாவது தெளிவா வருதான்னு பாப்போம்" என்றாள் மனைவி.

"கிண்டல் பண்ணாதம்மா. இருவது வருசமா வச்சிருந்த கேமராவுல, கிட்ட இருக்கற ஆளு தெளிவா வர லென்ஸ இடது பக்கம் திருப்பணும். இது வேற கம்பெனி, வலது பக்கம். அவசரத்துல கை பழைய பக்கமே போவுது."

"அப்ப ஏன் மாத்தினீங்க?"

"பழைய கேமரா லென்ஸ் மூணுலயும் பூஞ்சை புடிச்சிக்கிச்சே."

"மாமா எடுத்தாதான் ஆச்சுன்னு என் தங்கச்சி வேற ஆளே வெக்கல. போன வாரம் எடுத்த ரோல்ல ஒரு மூஞ்சி தெரியல."

அவர் தலை குனிந்தார். அவள் தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து, லென்சுக்கு வலப்புறம் கேமராவின் மேல் ஒட்டினாள்.

"கிட்ட இருக்கற ஆளுக்குப் பொட்டுப் பக்கம். இப்ப என்னப் பாருங்க."

விக்கிரவாண்டி தாண்டும்வரை ஃபிலிம் போடாத கேமராவில் அவளையே பார்த்து லென்சைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

விழுப்புரத்தில் பேருந்து நின்றது.

"தெரியறேனா?"

"தெரியற. பொட்டு வெச்சி வெச்சி நெத்தியில ஒரு வெள்ளைத் தழும்பு வுழுந்திருக்கு. இத்தினி நாளு பாக்கல."

அவள் நெற்றியைக் கையால் மறைத்துக்கொண்டு இறங்கினாள்.