வார்டுக்கு வெளியே உமாபதி

— ஊசிக்கு வயசு எழுதணும். அவளைக் கேட்டா நீங்க ஏன் பதில் சொல்றீங்க?

— ஏமண்டி சிஸ்டர், அவளுக்கு அதெல்லாம் தெரியாது. இதே திருப்பதியில எங்க லாட்ஜ்ல பாத்ரூம் கழுவுறா. பேரு செல்லியம்மா. கையில ஆசிட் பட்டுடுச்சி. கட்டு கட்டி அனுப்புங்க.

— சீழ் புடிச்சிக் கீது. பட்டு பத்து நாளு ஆயிருக்கும். நீங்க வெளிய நில்லுங்க.

— இங்கயே நிக்கிறேன். நான் மேனேஜரு, உமாபதி.

— இது பொம்பள வார்டு. டாக்டரைக் கூப்புடவா?

— சரே. கதவுகிட்டதான் இருப்பேன். செல்லி, பாத்துப் பேசு.

— போயிட்டான். செல்லியம்மா, உன் பேச்சு சத்தியவேடு பக்கம் மாதிரி கீதே. நானும் அங்கதான். வெங்கடலட்சுமி.

— உன் பேரு எனுக்கு எதுக்கு? கட்டு.

— ரெண்டு கணுக்கால்லயும் இன்னா தழும்பு?

— வழுக்கி வுயுந்தேன்.

— வுயுந்தா சுத்தி வளையமாட்டம் வராது. கட்டிப் போடுறாங்களா?

— உனுக்கு இன்னா வந்துது? நீ வூட்டுக்குப் போயி சோறு துன்னுவ. நான் அங்கதான போவணும்?

— போவ வேணாம். இங்கயே பெட்ல சேத்துக்கிறேன்.

— சேக்காத. கெட்டுது குடி. உன்னாட்டம் ஒருத்தி கேட்டான்னுதான் போன வாட்டி கால்ல கவுறு போட்டான்.

— இந்த வாட்டி போலீஸ்ல சொல்றேன்.

— சொன்னா எம் பொண்ணை எங்க கொண்டுபோய் வுடுவான்னு தெரியுமா உனுக்கு? மேல ரூம்ல வெச்சிப் பூட்டிக் கீறான். ஹரிதா. ஏழு வயசு.

— இதை முன்னாலயே சொல்லக் கூடாதா? படு. வாயத் தொறக்காத. உமாபதி, இங்க வாங்க.

— ஆச்சா?

— தொத்து வியாதியா இருக்கும்போல. இவகூட ஒட்டி இருந்தவங்களை இப்பவே கூட்டினு வாங்க. இல்லன்னா ஹெல்த் ஆபீசரு லாட்ஜுக்கே வருவாரு, ரூமு ரூமா பாப்பாரு.

— லாட்ஜுக்கு எதுக்கு? சீசன் நேரம். ஒரு சின்னப் பொண்ணுதான் சிஸ்டர். நானே கூட்டினு வரேன்.

— சீக்கிரம்.

— இந்தாங்க, ஒரு மணி நேரத்துல கொண்டாந்துட்டேன். பொண்ணுக்கு ஊசி போட்டு ரெண்டு பேரையும் அனுப்புங்க.

— ஹரிதா, உங்கம்மா அந்தக் கடைசிப் பெட்ல கீறா. ஓடு. உமாபதி, நீங்க இருங்க. வியாதி ஒன்னும் கெடையாது. உங்க பின்னால நிக்கிறவரு போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து வந்துக்கீறாரு.