மூணாவது எதிரி தலைமறைவு

– ரைட்டரய்யா, இன்னொருக்கா நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எம்பட பையன் பூபதி மேல கேசா?

– நாலு தடவை பார்த்தாச்சு, பெரியவரே. வேலைக்கு எடுத்திருக்கிற பேங்குல இருந்து விசாரிச்சு அனுப்பச் சொல்லியிருக்காங்க. பேரைத் தட்டினா ஸ்டேஷன் கம்ப்யூட்டர்ல வந்து நிக்குது. நாலு வருசத்துக்கு முன்னால சேவல்கட்டு கேஸ். முதல் எதிரி வேலுசாமி, அது நீங்க. ரெண்டாவது ரங்கன். மூணாவது பூபதி, தலைமறைவு.

– அட, அது பையனில்லீங்க. சேவலுங்க.

– என்னது?

– பையன் கோயமுத்தூரு ஆஸ்டலுக்குப் போயிட்டான். பூபதீன்னு கூப்புட ஊட்டுல ஒரு சீவன் வேணுமில்லீங்களா? சேவலுக்கு வெச்சுப்போட்டனுங்க.

– தகப்பன் பேரு வேலுசாமின்னு இருக்கே?

– ஓடுனது ஆருடான்னாங்க. பூபதீன்னேன். அவன் உனக்கு என்ன வேணும்னாங்க. புள்ளையாட்டம் வளத்தனுங்கன்னேன். எழுதிக்கிட்டாங்க.

– வயசு பத்தொன்பது.

– மாசக்கணக்குங்க. கட்டுச் சேவலுக்கு அதான் நல்ல பருவம்.

– ஊதாச் சட்டை போட்டிருந்தான்.

– கழுத்து மினுமினுப்புங்க. பொழுது எறங்குற நேரத்துல தூர இருந்து பாத்தா சட்டையாட்டந்தான் தெரியும்.

– பிடிக்கப் போன போலீஸ்காரர் கையைப் பிறாண்டிட்டு வேலி தாண்டிட்டானாம்.

– பாத்தீங்களா! பேங்கு வேலைக்குப் போறவன் பிறாண்டுவானுங்களா?

– இப்ப எங்கே அந்தச் சேவல்?

– அந்த ஆடியிலயே கொழம்பாயிருச்சுங்க. ரெண்டு காலையும் ரங்கன்தான் தின்னான், கேட்டுப் பாருங்க.

– அப்ப மூணாவது எதிரி செத்துட்டான்னு எழுதிரவா?

– ஐயோ, வேண்டாஞ்சாமி! செத்தவனுக்கு பேங்குல நாற்காலி போடுவாங்களா? பையன் பாரத்துல, எம்மேல கேசு எதுவும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கானுங்க. பொய்யின்னு ஆச்சுன்னா ஆர்டரைப் புடுங்கிருவாங்களாம். படிச்சுப் படிச்சே கண்ணாடி போட்டவனுங்க அவன். திங்கக்கெழம போயிச் சேரோணும்.

– சேவல்தான்னு சொல்ல ஒரு சாட்சி வேணுமே, பெரியவரே.

– பிறாண்டு வாங்குன அந்தப் போலீஸ்காரரே போதுமுங்க. தங்கமான மனுசன். மாத்தலாகி எங்கயோ போயிட்டாருன்னாங்க. இருந்திருந்தா, ஆமா, சேவல்தான்னு அடிச்சுச் சொல்லிருப்பாரு.

– மாத்தலாகித் திரும்பி வந்தாச்சு. உங்க முன்னாடிதான் உக்காந்திருக்கேன். ஒண்ணே ஒண்ணுக்குப் பதில் சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன். வேலி மேல நின்னுக்கிட்டு, 'அப்பா, என்னைய உட்டுப்போட்டு நீங்க மொதல்ல ஓடுங்க'ன்னு கத்துச்சே, அதுவும் சேவல்தானா?