இடது கை அனுமார்

— தொடாதீங்க, தொடாதீங்க! கண்ணால பாருங்க, போதும். ரெண்டு சீட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிருக்கேன். இது உங்க சீட்டுக்கட்டுல இருந்த அனுமார். இது அந்த ஆள் கொண்டாந்த அனுமார். இப்ப சொல்லுங்க காளியப்பன், கதாயுதம் எந்தக் கையில இருக்குது?

— அதைப் பாத்துப் பயந்துதானுங்க மேஸ்திரி வந்திருக்கறேன்! என்ற கட்டுல இருக்கறவரு இடது கையில புடிச்சிருக்காரு. அந்த ஆளோட சீட்டுல வலது கையில. கிளி ஜோசியம்தான் எனக்குச் சோறு போடுது. அப்பன் போனதுக்கப்புறம் ஒன்பது வருசமா இந்தச் சீட்டை ஏந்திக்கிட்டுத் திரியறேன், ஒரு நாளாவது கவனிச்சனா? ஊர்க்கூட்டம் முடிஞ்சு ஊட்டுக்குப் போய்த்தான் ரெண்டையும் சேத்து வெச்சுப் பாத்தேன். நாலு நாளாச் சோறு எறங்கலீங்க. அதான் ஆராயி அக்காளையும் இழுத்துக்கிட்டு, சேந்தமங்கலத்துல கரியில ஓடற பஸ்ஸைப் புடிச்சு, இந்தச் சீட்டு அச்சுப் போடற உங்க கல்லச்சாபீசு எங்கேன்னு கேட்டுக் கேட்டு வந்து சேந்தோம்.

— நீங்களும் ஏதாவது பேசுங்க அம்மா.

— நான் என்னத்தைப் பேசறதுங்க சாமி. படந்தானே. ஒருத்தர் இப்படி எழுதுவாங்க, ஒருத்தர் அப்படி எழுதுவாங்க. இதுக்குப் போயி ஒரு நாள் கூலியைக் கெடுத்துக்கிட்டு வரோணுமான்னு சொன்னேன், இவன் கேக்கலை.

— எழுதறவனுக்குத் தெரியும் அம்மா, எவன் எப்ப எழுதுனான்னு. சீட்டோட வயசை நான் சொல்லிடுவேன். ஆனா எதுக்குன்னு தெரியணும். அந்த ஆள் யாரு?

— நான் சொல்றேனுங்க. இந்த அக்காளோட மொதல் புருசன் அங்கமுத்துன்னு பேரு. மேட்டூர் அணையில தண்ணி தேக்குன வருசம் பினாங்குத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனாரு. ரெண்டு வருசம் கழிச்சு அங்கிருந்து வந்த ஒருத்தன், காய்ச்சல்ல செத்துட்டாருன்னு சொன்னான். கருமாதி பண்ணி, தாலி எடுத்து எல்லாம் ஆச்சுங்க. பொறவு ஊர்ப் பெரியவங்களே பேசி, பெரியசாமி மாமனுக்கு அக்காளைக் கட்டி வெச்சாங்க. எங்க சனத்துல அந்த வழக்கம் உண்டுங்க. இப்ப பொண்ணு ஒண்ணு, பையன் ஒண்ணு.

— சரி.

— போன வாரம் ஒரு ஆளு வந்தானுங்க. பல்லு இல்லை, காலெல்லாம் புண்ணு, எலும்பும் தோலும். நாந்தான் அங்கமுத்து, சப்பான்காரன் புடிச்சுக்கிட்டுப் போயி சயாமுல ரயில் பாதை போட வெச்சான், தப்பிச்சு வந்தேன்னான். பாதிச் சனம் ஆமாங்குது, பாதிச் சனம் இல்லைங்குது. அப்பத்தான் மடியில இருந்து இந்தச் சீட்டை எடுத்தான். ஊரை விட்டுப் போறப்ப எங்கூட வந்த சீட்டு, உங்க ஊர்க் கிளிச்சீட்டுதான்னான்.

— ஓகோ.

— உடனே ஊர்க்கவுண்டர் என்னைக் கூப்புட்டாரு. உன்ற கட்டைக் கொண்டாடா, அது உங்கப்பன் காலத்துக் கட்டுதானே, அனுமார் இல்லைன்னா இவன் சொல்றது மெய்யின்னாரு. எண்ணிப் பாத்தா இருபத்தேழும் இருக்குது. அனுமாரும் இருக்காரு. எங்கப்பன் கட்டுதான், ஒரு சீட்டும் மாறலைன்னு மீனாச்சி தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனேன்.

— மீனாச்சி யாரு, உங்க சம்சாரமா?

— கிளிங்க.

— சரிதான். அப்புறம்?

— அக்காளைக் கேட்டாங்க. இந்த ஆளையும் தெரியாது, இந்தச் சீட்டை நான் கண்டதேயில்லைன்னு அக்கா சொல்லிருச்சு. அந்த ஆளு கொஞ்ச நேரம் அக்காளையே பாத்தான். பெரியசாமி மாமன் தோள்ல தூங்கிக்கிட்டிருந்த சின்னப் பையனைப் பாத்தான். அப்புறம், ஆமாங்க, சீட்டு சந்தையில வாங்குனதுதான், ஒரு வாய்ச் சோத்துக்கு ஆசைப்பட்டு வந்துட்டேன்னு கையெடுத்துக் கும்புட்டான். எங்க ஆளுங்க சும்மா விடுவாங்களா? சீட்டைப் புடுங்கி எங்கிட்டக் குடுத்துட்டு, வேப்பமரத்துல கட்டி வெச்சு உரிச்சுட்டாங்க. நானும் ரெண்டு வெச்சேனுங்க, பொய் சொல்லக் கூடாது.

— இப்ப அந்த ஆள் எங்கே?

— சூரமங்கலம் ஸ்டேசன்ல கெடக்கறானாம். இன்னைக்குச் சாயங்கால மதராஸ் வண்டிக்கு யாரோ டிக்கெட்டு எடுத்துக் குடுத்திருக்காங்களாம்.

— எந்தச் சந்தையில வாங்குனதாச் சொன்னான்?

— அது கேக்கலீங்களே.

— கேட்டிருக்கணும். பாருங்க காளியப்பன், இந்தக் கட்டை எங்க ஆபீசுல மூணு தடவைதான் போட்டிருக்கோம். கடைசித் தடவை யுத்தத்துல. மை கிடைக்கலை, ரெண்டே வர்ணம், காகிதம் வைக்கோல் மாதிரி. இன்னைக்கு நீங்க எந்தச் சந்தையில தேடினாலும் அது ஒண்ணுதான் கிடைக்கும். அந்த ஆளோட சீட்டுல எத்தனை வர்ணம்?

— நாலு... இல்லீங்க, அஞ்சு.

— அஞ்சு. முதுகைத் திருப்பறேன் பாருங்க. கோடு இல்லை, கட்டம் இல்லை, வெறும் வெள்ளை. நடுவுல மல்துணி வெச்சு ஒட்டினது, மடக்கினாலும் மொடமொடன்னு சத்தம் வராது. இது எங்க பெரிய மேஸ்திரி கையால எழுதின மொதல் பதிப்பு. எனக்கு மீசை முளைக்கறதுக்கு முன்னாடி அச்சானது. இப்ப உங்க கட்டோட முதுகைப் பாருங்க.

— செவப்புல வலை மாதிரி போட்டிருக்குது. இருபத்தேழுலயும்.

— அது ரெண்டாம் பதிப்பு. வருசமும் சொல்றேன். மேட்டூர் அணையில தண்ணி தேக்கின வருசம். எனக்கு எப்படித் தெரியும்னா, அந்த இடது கை அனுமாரை எழுதின பாவி நாந்தான்.

— நீங்களா?

— மத்தக் கல்லு எல்லாம் நல்லா இருந்தது, அனுமார் கல்லு மட்டும் விரிசல் விட்டுப் போச்சு. எழுதுடான்னு என்கிட்டே குடுத்தாங்க. கல்லுல எழுதறப்ப இடம் வலம் மாத்தி எழுதணும், கண்ணாடியில தெரியற மாதிரி. அப்பத்தான் அச்சுல நேரா விழும். நான் கெட்டிக்காரன் பாருங்க, படத்தைப் பாத்து அப்படியே எழுதிட்டேன். காகிதமெல்லாம் ஓடி முடிஞ்சு பாத்தா, இலங்கைக்குப் போகிற அனுமார் திரும்பி வந்துக்கிட்டிருக்காரு, கதாயுதம் பீச்சாங்கைக்கு வந்துடுச்சு! பெரிய மேஸ்திரி விட்ட அறை இன்னும் இந்தக் காதுல கேக்குது. காகிதம் வீணாகுமேன்னு அப்படியே வித்துட்டாங்க.

— அப்போ என்ற கட்டு எங்கப்பன் காலத்துக் கட்டு இல்லீங்களா? நான் பொய்ச் சத்தியமா பண்ணுனேன்?

— உங்கப்பா கட்டுதான், ஆனா அவர் புதுசா வாங்கினது. ஒத்தைக் கடுக்கன் போட்டு, பேசறப்ப கண்ணைக் கண்ணைச் சிமிட்டுவாரா?

— ஐயோ, அவரேதானுங்க.

— இதே வாசல்ல நின்னு அழுதாரு. அனுமார் ஒண்ணு மட்டும் காணோம், ஒரே ஒரு சீட்டு அச்சுப் போட்டுக் குடுங்கன்னாரு. ஒரு சீட்டு குறைஞ்சாக் கட்டுக்கு வாக்கு இல்லையாமே?

— இல்லீங்க. குறைக் கட்டை வெச்சுக் கிளியைக் கூப்புடக் கூடாது. ஊருக்குத் தெரிஞ்சா ஒருத்தனும் வர மாட்டான்.

— ஒத்தைச் சீட்டுக்கு யாரு கல்லை ஏத்துவாங்க? முழுக் கட்டா வாங்கிக்கிட்டுப் போனாரு. பளபளன்னு இருக்குதே, ஊரு கண்டுபுடிச்சுடுமேன்னு புலம்பினாரு. சாம்பிராணிப் புகையில ரெண்டு நாள் காட்டி மஞ்சள் தண்ணி தொட்டுத் துடையுங்க, உங்க தாத்தன் கட்டு மாதிரி ஆயிடும்னு நாந்தான் யோசனை சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன்.

— அக்கா! கேட்டியா அக்கா? கட்டு முழுசா இருந்தது எங்கப்பன் வேலை. அந்த ஆளு சொன்னது மெய்யி. அது எங்க பழைய கட்டுச் சீட்டேதான். நான் அந்த மனுசனைக் கையால அடிச்சேனே அக்கா!

— கத்தாதே காளியப்பா. மேஸ்திரி, உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன். சீட்டுப் புதுசுன்னு சொல்லிப் போடுங்க.

— எப்படி அம்மா சொல்றது? கண்ணு முன்னால இருக்குதே.

— உங்க வாயில இருந்து ஒரு சொல்லு வந்தாப் போதும். இவன் அடங்கிருவான். ஊட்டுக்குப் போயி அவங்கவங்க வேலையைப் பாப்போம்.

— என்ன பேச்சு பேசறே அக்கா?

— சீட்டுத்தானே பழசு? ஆளு? செத்தவரு மடியில இருந்து இன்னொருத்தன் எடுத்திருக்கக் கூடாதா? சொல்லுங்க மேஸ்திரி, கூடாதா?

— எடுத்திருக்கலாம். நான் சீட்டோட வயசைச் சொல்றவன், ஆளை எனக்கு எப்படித் தெரியும். அதை நீங்கதான் சொல்லணும்.

— பாத்தியா, அவரே சொல்லிட்டாரு.

— ஏமாத்த வந்தவன் எதுக்கு அக்கா, கையில மெய்யான சீட்டை வெச்சுக்கிட்டு, சந்தையில வாங்குனேன்னு பொய் சொல்லி அடி வாங்கறான்? பொய் சொல்லித் தப்பிப்பாங்க, எவனாவது பொய் சொல்லிச் சிக்குவானா? மேஸ்திரி, மணி என்னங்க?

— மூணரை ஆகப் போகுது. வண்டி நாலு மணிக்கு மேல. மூலையில ஜட்கா நிக்கும், விரட்டினா அரை மணியில போயிடலாம். காசு இல்லைன்னா நான் தரேன்.

— வாரேன் அக்கா. நீ இங்கேயே இரு. நான் ஓடிப்போய் அவரைக் கையோட கூட்டிக்கிட்டு வாரேன்.

— கூட்டிக்கிட்டு வந்து? எங்கே உக்கார வெப்பே? என்ற ஊட்லயா? பெரியசாமியை எந்திரிச்சு வெளியே போங்கன்னு சொல்லுவியா? ஒத்த வார்த்தை கடிஞ்சு பேசாம எட்டு வருசமா எனக்குச் சோறு போட்ட மனுசன். என்ற புள்ளைக ரெண்டும் யாரு புள்ளைகன்னு நாளைக்கு ஊரு கேக்கும். கருமாதி பண்ணி வெச்ச பெரியவங்க, கட்டி வெச்ச பெரியவங்க, ஒருத்தராவது எம் பக்கம் நிப்பாங்களா? அந்தப் பொண்ணுக்கு ஏழு வயசு காளியப்பா. அதைக் கட்டிக்க எவன் வருவான்?

— அதுக்காக அந்த மனுசனைத் திருடன்னு அனுப்பறதா? ஊர்க்கூட்டத்துல நான் எந்திரிச்சுச் சொல்லோணும் அக்கா. மீனாச்சி தலையில அடிச்சுப் பண்ணுன சத்தியம்.

— கிளிக்கு ஒண்ணும் ஆவாது. என்ற புள்ளைக தலையைப் பாரு.

— மேஸ்திரி, நீங்களாவது சொல்லுங்க!

— நான் என்ன சொல்ல. உங்கப்பாவுக்குப் புகை போடச் சொன்னவன் நான். கல்லுல தப்பு எழுதினாச் சுரண்டிட்டு மறுபடி எழுதலாம். இதை எங்கே போய்ச் சுரண்டறது? அம்மா, அழாதீங்க. காளியப்பன், உக்காருங்க. கொஞ்சம் தண்ணி குடிங்க ரெண்டு பேரும்.

— தண்ணி வேண்டாமுங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியோணும். எங்கப்பன் உயிரு போனாலும் சீட்டை வெளியே குடுக்க மாட்டாரு. குடுத்திருந்தா இங்கே வந்து அழுதிருப்பாரா? அப்படின்னா அங்கமுத்து திருடித்தானே கொண்டு போயிருக்கோணும்? அவரு திருடன்தான்னு நெனைச்சாவது என்ற மனசை ஆத்திக்கறேன்.

— அவரு திருடலை காளியப்பா. அவரு எங்கிட்டக்கூட ஒண்ணும் கேட்டதில்லை. கப்பலேறப் போற அன்னைக்கு நான் மட்டும் உங்கப்பன்கிட்டப் போயிக் கிளியைக் கூப்புடச் சொன்னேன். அனுமாரு வந்தாரு. கடல் தாண்டிப் போனவரு திரும்பி வராம இருப்பாரா, தைரியமாப் போ கண்ணுன்னாரு. உங்கப்பன் கிளிக்கு நெல்லெடுக்கத் திரும்புன நேரத்துல, அந்தச் சீட்டை முந்தானையில மறைச்சுக் கொண்டு போயி அவரு மடியில வெச்சுக் கட்டினது நாந்தான்.