ஜன்னல் மைனா

கணவன்: என்ன பாப்பு, கூப்பிட்டியா?

மனைவி: நானா? இல்லையே.

கணவன்: “ஏங்க”ன்னு கேட்டுச்சே...

மனைவி: அது மைனா. ஜன்னல் கம்பியில உக்காந்திருக்கு பாருங்க. பொண்டாட்டி குரல்கூடவா தெரியாது உங்களுக்கு?

கணவன்: சூ! போ!

மனைவி: ஏன் விரட்டுறீங்க? இந்தத் தீவுல பேச்சுத்துணைக்கு அது ஒண்ணுதான்.

கணவன்: அதுக்குத்தானே வந்தோம்? ஒரு ஈ காக்கா கிடையாது. கடல், மணல், கயித்து ஊஞ்சல்... நாள் பூரா தூங்கலாம்.

மனைவி: நல்லாத்தான் தூங்குறீங்க. குறட்டைக்கு அலையே பின்வாங்குது.

கணவன்: கிண்டலு! சரி, துடுப்பைப் பாத்தியா?

மனைவி: எதுக்கு?

கணவன்: குடிதண்ணி தீரப்போகுது. பக்கத்துத் தீவு வரைக்கும் போய் எடுத்துட்டு வந்துடுறேன்.

மனைவி: நானும் வரேன்.

கணவன்: சின்னத் தோணிடி. கேனை ஏத்துவேனா, உன்னை ஏத்துவேனா?

மனைவி: குண்டாயிட்டேன்னு சொல்றீங்க.

கணவன்: ஐயோ, நான் அப்படிச் சொல்லலை தாயே!

மைனா: நீ இங்கயே இரு பாப்பு. தண்ணி எடுத்துட்டு வந்துடுறேன்.

மனைவி: அப்படியே உங்க குரல்.

கணவன்: பாத்தியா, எவ்வளவு சீக்கிரம் கத்துக்குது! இப்பத்தானே சொன்னேன்.

மனைவி: “இங்கயே இரு”ன்னு நீங்க இன்னும் சொல்லலையே.

கணவன்: சொல்லியிருப்பேன்... உனக்குத்தான் கவனம் இல்ல.

மைனா: இருட்டுறதுக்குள்ள வந்துடுவீங்கல்ல?

மனைவி: இது என் குரல் இல்லைங்க.

கணவன்: பறவை பேசுறதுல உன் குரல் என்ன, என் குரல் என்ன...

மனைவி: இல்ல, நல்லாக் கேளுங்க. லேசா மூக்கால பேசுற குரல்.

கணவன்: முன்னாடி தங்கினவங்க யாராவது பேசியிருப்பாங்க.

மனைவி: அவங்களுக்கும் பாப்புன்னுதான் பேரா?

கணவன்: ஊருல பாப்புக்கா பஞ்சம்?

மனைவி: ம்... நீங்க இதுக்கு முன்னாடி இங்க வந்ததே இல்ல?

கணவன்: எத்தனை தடவைடி சொல்றது?

மனைவி: இல்ல... வந்து இறங்கினதுமே கிணத்துத் தண்ணி உப்பு, வாயில வைக்காதேன்னு சொன்னீங்க. கிணறு எந்தப் பக்கம் இருக்குன்னு அப்ப நாம பாக்கவே இல்ல.

கணவன்: சுத்தியும் கடல். கிணறு உப்பாத்தான் இருக்கும். இதுக்கு ஜோசியமா தெரியணும்?

மைனா: ஏங்க... வந்துட்டீங்களா? ஏங்க...

கணவன்: இந்தச் சனியனை இன்னைக்கு...

மனைவி: கல்லைக் கீழ போடுங்க.

கணவன்: காதைத் துளைக்குது!

மனைவி: போடுங்கன்னு சொன்னேன். பேசட்டும். அவளுக்கும் கடைசியில அது ஒண்ணுதான் துணையா இருந்திருக்கும்.

கணவன்: எவளுக்கு?

மனைவி: உங்க முதல் சம்சாரத்துக்கு. எவன்கூடயோ ஓடிப்போயிட்டான்னு ஊரெல்லாம் சொன்னீங்களே, அவளுக்கு.

கணவன்: வெயில்ல உனக்கு மூளை குழம்பிப்போச்சு. துடுப்பு எங்க?

மனைவி: கடலோட விட்டுட்டேன்.

கணவன்: என்னது?

மனைவி: காலையில. நீங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடி.

கணவன்: அறிவிருக்கா? தண்ணியில்லாம எப்படிச் சாவாங்கன்னு உனக்குத் தெரியுமா? முதல்ல நாக்கு தடிச்சுப் போகும், அப்புறம் பேச்சே...

மனைவி: உங்களுக்கு எப்படித் தெரியும்?

மைனா: தண்ணி... தண்ணி...

மனைவி: தூரத்துல தோணியில உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீங்களா?

கணவன்: பாப்பு... இங்க பாரு... நீ நினைக்கிற மாதிரி...

மனைவி: கிட்ட வராதீங்க.

கணவன்: இரு... அது என்ன சத்தம்? மோட்டார் படகா?

மனைவி: ம்.

கணவன்: நம்ம படகு அடுத்த வாரம்தானே வரணும்?

மனைவி: முந்தாநாள் வலை பிரிக்க ஒரு மீன்காரர் கரை ஒதுங்கினார். நீங்க ஊஞ்சல்ல தூங்கிட்டிருந்தீங்க. அதுக்கு முன்னாடியே இந்த மைனா எல்லாத்தையும் பேசிடுச்சு.

கணவன்: போலீஸுக்குச் சொல்லி அனுப்பினியா? ஒரு மைனாவை நம்பியா? சிரிப்பாங்கடி! அது யார் குரல்னு எவன் சொல்லுவான்?

மனைவி: அதுக்குத்தான் உங்க பழைய மாமனாரையும் கூட்டிட்டு வரச் சொன்னேன். படகு முனையில நிக்கிறாரே, தெரியலையா?